சீப்பு நின்ற இடம்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. எல்லோருக்கும் அவள் சீப்பக்கா. கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை. மாடியில் தம்பி குடும்பம். கத்தரி பிடித்த கைக்குக் கர்வம் உண்டு. “மேல சீவி மினுக்கினா போதுமா? வேர்ல கெடக்குற சிக்கை யாரு எடுப்பா?” என்று வருகிறவர்களை எல்லாம் கடிந்துகொள்வாள். திட்டு வாங்கவென்றே அவளிடம் வருவார்கள்.

அவள் நாய்க்குப் பெயர் கம்பளி. மந்தை மேய்க்கும் ஜாதி. ஆளுயரம் எழும்பும், கண்ணை மறைக்கும் முடி. ஆடு கிடைக்காத குறைக்குக் கடைக்கு வரும் குழந்தைகளை மேய்த்தது. ஓடும் வாண்டுகளைத் தோளால் இடித்து இடித்து ஒரு மூலையில் சேர்த்த பிறகுதான் படுக்கும். வீட்டு ஆள் ஒருவர் வெளியே நின்றாலும் அதற்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் பல் மட்டும் யார்மேலும் பட்டதில்லை.

அன்று காலை பட்டுவிட்டது. தம்பியின் சின்ன மகள் ஆசையாகக் கழுத்தைக் கட்டித் தொங்கினாள். கம்பளி உறுமித் திரும்பியது. பிஞ்சு மணிக்கட்டில் சிவப்பாய் ஒரு கோடு.

தம்பி கத்தவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. மகளுக்கு ஊசி போட்டு அழைத்து வந்தவன், படியில் நின்றபடியே சொன்னான். “சாயங்காலம் வண்டி கொண்டு வர்றேன். காப்பகத்துல விட்டுடலாம். இல்லேன்னா நாங்க வேற வீடு பாத்துக்கறோம்க்கா.”

கடித்த நாயைக் காப்பகத்தில் யாரும் கேட்டு வர மாட்டார்கள். அதற்குப் பிறகு என்ன என்பது இருவருக்கும் தெரியும்.

கடையைச் சாத்தினாள். போகிற பிள்ளையைச் சிக்கோடு அனுப்பக் கூடாதென்று பிரஷ்ஷை எடுத்தாள். தினமும் வாரும் முதுகு பட்டாய் வழுக்கியது. பிறகு நீளப்பல் இரும்புச் சீப்பைக் காதுக்குப் பின்னால் செருகினாள்.

சீப்பு நின்றது. காலையில் கேட்ட அதே உறுமல்.

முடியை விலக்கிப் பார்த்தாள். பளபளக்கும் மேல்முடிக்கு அடியில், பஞ்சு போல இருக்கவேண்டிய அடிமுடி சடைபிடித்து, செருப்புத் தோலாய் இறுகிக் கிடந்தது. அது இழுத்த இழுப்பில் ஓரமெல்லாம் புண். குழந்தை தொங்கியது அந்த இடத்தில்தான்.

ஊருக்கெல்லாம் வேரைப் பற்றிப் பேசியவள், வீட்டில் இத்தனை நாளும் மேலே மட்டும் சீவியிருக்கிறாள். “அடிப் பாவி,” என்றாள், எதிர்க் கண்ணாடியைப் பார்த்து.

சடைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பை நுழைத்து, அதன்மேல் கத்தரியை வைத்தாள். கம்பளி திரும்பி அவள் மணிக்கட்டை வாயில் கவ்வியது. அதைப் பார்த்தபடி தம்பி மனைவி வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, விட்டுடுங்க. கடிச்சிடும்.”

“கடிக்கட்டும்மா. வலி அதுக்கு. பாக்காம விட்டது நானு.”

நறுக். நாயின் உடம்பு நடுங்கியது. பல் தோலில் அழுந்தியது. நறுக். நறுக். சடை கழன்று தரையில் விழுந்தது. கம்பளி வாய் திறந்து, கவ்விய கையையே நக்கத் தொடங்கியது. அவள் அப்போதுதான் அழுதாள்.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. தம்பி மனைவி அந்தச் சடையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நடந்ததை எல்லாம் கணவனிடம் சொன்னாள்.

“இன்னிக்கு காது. நாளைக்கு வேற எங்கயாவது வலிச்சா?” என்றான் அவன்.

“ஏங்க, அக்கா கை அதோட வாய்க்குள்ள இருந்துச்சு. அத்தனை வலியிலயும் மூடல. புண்ணு ஆறட்டும், அதுவரைக்கும் பாப்பா கீழ வர வேண்டாம். அப்புறம் வாரா வாரம் சீப்பைப் போட்டு நானே பாப்பேன். அக்கா பிரஷ்ஷை இனி நம்பறதா இல்ல.”

சீப்பக்காவுக்குச் சுருக்கென்றது. வாங்கவேண்டிய திட்டுதான்.

அவன் வண்டிக் கதவைப் பிடித்தபடியே நின்றான். வீட்டு ஆள் ஒருவர் வெளியே. கம்பளி மெல்ல எழுந்து, தலையை ஒருபக்கம் சாய்த்தபடி தெருவில் இறங்கியது. அவனைச் சுற்றிப் பின்னால் போய், முழங்காலில் தோளை வைத்து வாசல் பக்கமாக ஓர் இடி இடித்தது. மறுபடியும் ஒன்று.

அவன் வண்டிக் கதவைச் சாத்தினான்.

“தள்ளாதடா,” என்றான். “வர்றேன்.”