தகட்டின் ஓட்டையை அளந்தவள்

ஸ்னேஜானா ட்ராய்கோவாவுக்கு எதையும் அளந்து பார்க்காமல் நம்பத் தெரியாது. கடையில் ஒரு கிலோ வெள்ளைச் சீஸ் வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் தன் தராசில் மறுபடி நிறுத்துப் பார்ப்பாள். முப்பது கிராம் குறைந்தாலும் போச்சு, பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவாள். இவளோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை என்று அவள் புருஷனே எங்கள் ப்ளோவ்திவ் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். பாவம், அவன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது.

இந்தப் பழக்கம் தொழிற்சாலையில் வந்தது. பத்தொன்பது வயதில் எங்கள் ஊர் தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் அங்கே எல்லா உதிரிப் பாகத்தின் மேலும் ஓர் அளவு பொறித்திருக்கும். பொறித்த அளவுக்கும் உள்ளே இருக்கிற சரக்குக்கும் சம்பந்தம் இருக்காது. திட்டத்தை முடித்தாக வேண்டும், மேலே கணக்குக் காட்டியாக வேண்டும், அவ்வளவுதான். ஸ்னேஜானா மட்டும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அளந்து, சரியில்லாததைத் தனியே குவித்தாள். அந்தக் குவியலைப் பார்த்து மேற்பார்வையாளருக்கு ரத்தக் கொதிப்பே வந்ததாகச் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஓர் ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த ஆள் லியூபென் காரஸ்லாவொவ். இன்றைக்கு டாக்டர், பேராசிரியர், ஆய்வகத் தலைவர் எல்லாம். தொண்ணூற்றேழாம் வருஷக் குளிர்காலத்தில் இவர்கள் இருவரும் சூரிய ஆற்றல் ஆய்வகத்தில் சேர்ந்தபோது அவன் ஓட்டைக் கம்பளிச் சட்டை போட்ட இருபத்தைந்து வயதுப் பையன். தொழிற்சாலை மூடி வேலையிழந்து வந்த அவளுக்கு முப்பது. அந்தக் குளிர்காலத்தை எங்கள் நாட்டில் யாரும் மறக்கவில்லை. சம்பளம் கைக்கு வருவதற்குள் விலை ஏறி, அது ரொட்டிக்குக்கூடப் போதாமல் போகும். கட்டடத்தில் கணப்பு இல்லை. ஆய்வகத்தில் சூரிய ஒளிக்குப் பதிலாக ஒரு பெரிய விளக்கு வைத்திருந்தார்கள், செயற்கைச் சூரியன் என்று பேர். இருவரும் அதைப் போட்டு, அதன் முன்னால் கையை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டே வேலை பார்த்தார்கள். அவனுடைய முனைவர் பட்டத்துக்கு வேண்டிய நானூறு அளவீடுகளை இரண்டே மாதத்தில் எடுத்துக் கொடுத்தவள் அவள். பட்டம் கிடைத்த அன்று அவன் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "இந்த எண் எல்லாம் ஸ்னேஜானா அக்காவோடது, நான் கூட்டிக் கழிச்சதோட சரி" என்றான். அவள் அழுதுவிட்டாள்.

அன்றிலிருந்து நம்பிக்கைதான். அளவீட்டுப் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும், அளந்தவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் அவள் கடற்கரையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகுமுன் ஒரு கட்டு வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அவசரத்துக்கு வேண்டுமே! எங்கள் ஊர் அலுவலகங்களில் இப்படிச் செய்யாதவர் யார், சொல்லுங்கள். படிவமும் முத்திரையும் இல்லாமல் ஒரு திருகாணிகூட வாங்க முடியாத இடத்தில் மனுஷன் வேறென்ன செய்வான்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் ஆறு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து புதுவகைச் சூரிய மின்கலம் ஒன்றை உருவாக்கும் திட்டத்தில் நான்கு வருஷமாக இருந்தன. ப்ளோவ்திவ் அதில் ஆறாவது, கடைசி, சின்னது. மின்கலம் தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கை மின்சாரமாக்க வேண்டும். அது நடந்தால்தான் திட்டத்துக்கு இரண்டாம் கட்டம் உண்டு. ஒரே ஆய்வகம் அளந்து சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் ஒரே மின்கலத்தை மரப்பெட்டியில் வைத்து ஊர் ஊராக அனுப்பி, ஆறு இடத்திலும் தனித்தனியாக அளப்பார்கள். ஆறு எண்ணும் ஒத்துப்போனால் சரி.

ஜூன் மாதம் பெட்டி ப்ளோவ்திவுக்கு வந்தது. உள்ளே மின்கலம், கூடவே நடுவில் சதுர ஓட்டை போட்ட ஒரு கறுப்புத் தகடு. தகட்டை மின்கலத்தின் மேல் வைத்தால் ஓட்டை வழியாக மட்டும்தான் வெளிச்சம் விழும். வந்த மின்சாரத்தை ஓட்டையின் பரப்பால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். தகட்டில் 'நான்கு சதுர சென்டிமீட்டர்' என்று அழகாகப் பொறித்திருந்தது. ஐந்து ஆய்வகங்களும் அதை வைத்துக் கணக்குப் போட்டன. ஐவருக்கும் பதினெட்டுக்கு மேல்.

ஸ்னேஜானா தகட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பொறித்திருக்கிறதல்லவா, அப்புறம் என்ன அளப்பது? ஆனால் அவளுக்குக் கை சும்மா இருக்காதே! அளவுகோலை ஓட்டைக்குள் விட்டாள். பக்கம் இரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டியது, ஒரு மில்லிமீட்டர் சொச்சம் அதிகமாக இருந்தது. நான்கு பக்கமும் அப்படித்தான். நுண்ணோக்கியில் வைத்தாள், அதே கதை. ஓட்டை பெரிது, அதனால் வெளிச்சம் அதிகம் விழுந்திருக்கிறது. சரியாக வகுத்தால் பதினெட்டு வராது, பதினாறு புள்ளி நான்குதான்.

"டேய் லியூபென், இங்க வா, சீக்கிரம் வா!" என்று நடைவழி அதிரக் கூப்பிட்டாள்.

அவன் வந்தான். பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, நீ மனுஷியே இல்ல, பிசாசு! அஞ்சு ஊர்க்காரனும் தூங்கியிருக்கானுங்க பாரேன்!"

மூன்று நாள் இருவரும் சேர்ந்து சரிபார்த்தார்கள். ஆய்வகத் தலைவரானபின் அவன் அளவீட்டு அறைப் பக்கமே வருவதில்லை. இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். கைவிளக்குப் பிடித்தான், எண்களை எழுதினான், அவள் சுட்டுக் கொண்டுவந்த சீஸ் அடையான பனித்ஸாவைப் பங்குபோட்டுச் சாப்பிட்டான். பழைய நாள் திரும்பி வந்த மாதிரி அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

மூன்றாம் நாள் அவன் சொன்னான்: "அக்கா, இதை இப்போ யார்கிட்டயும் சொல்லாதே. மெயில்லயும் எழுதாதே. செப்டம்பர்ல எல்லாரும் நம்ம ஊருக்குத்தானே கூட்டத்துக்கு வர்றாங்க? அங்க வெச்சு நானே சொல்றேன். 'கண்டுபிடிச்சது எங்க ஸ்னேஜானா'ன்னு உன்னை எழுப்பி நிறுத்துறேன் பாரு."

"எனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்றாள். ஆனாலும் நீலத்தில் ஒரு புது உடுப்பு தைக்கக் கொடுத்தாள். ஆகஸ்ட்டில் வழக்கம்போலப் படிவக் கட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள்.

செப்டம்பர் கூட்டத்தில் நீல உடுப்போடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். லியூபென் மேடைக்குப் போனான். திரையில் ஆறு ஆய்வகத்துக்கும் ஆறு புள்ளி. ஆறும் ஒரே கோட்டில் இருந்தன. ப்ளோவ்திவ்: பதினெட்டு புள்ளி இரண்டு. பக்கத்தில் அளவீட்டுப் படிவத்தின் படம், அடியில் அவளுடைய கையெழுத்து.

வேறு எதையோ மாற்றிப் போட்டுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த படம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஓட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுந்து நின்று, தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "அது என் எண் இல்ல. நான் அளந்தது பதினாறு புள்ளி நாலு" என்றாள்.

திட்டத்துக்குத் தலைமை தாங்கிய வட ஐரோப்பியப் பேராசிரியை திரும்பி லியூபெனைப் பார்த்தாள். அவன் பதறவே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்: "அது முதல்ல எடுத்தது, பிறகு திருத்தினோம். எங்க ஸ்னேஜானா லீவுக்குக் கிளம்புற அவசரத்துல கையெழுத்துப் போட்டாங்க, மறந்துட்டாங்க. கையெழுத்து அவங்களோடதுதான், பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான், இல்லை என்று எப்படிச் சொல்வாள்? யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

இடைவேளையில் நடைவழியில் அவனை மறித்தாள். "என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"கத்தாதே அக்கா. பதினெட்டு வரலைன்னா ரெண்டாம் கட்டம் கிடையாது. திட்டமே போயிடும், நம்ம ஆய்வகத்தை மூடிடுவாங்க. ரெண்டாம் கட்டத்துல சோதனை மையத்தை நமக்கே தர்றேன்னு சொல்லியிருக்காங்க. உனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒம்பது வருஷம் இருக்கு, எங்க போவே? உனக்காகவும்தான் செஞ்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ ஒத்துப்பியா?"

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. பயந்துவிட்டான், ஆகஸ்ட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். இருபது வருஷத்துக்கு மேல் கூட வேலை பார்த்தவனுக்காக மனசு இப்படித்தானே சாக்குத் தேடும்?

மதியச் சாப்பாடு பழைய நகரத்தில் ஒரு திராட்சைப் பந்தலின் கீழ். அவளுக்குப் பக்கத்தில் போர்ச்சுக்கல்காரன் தெல்மோ உட்கார்ந்தான். அவனும் அவளைப் போலக் கருவி பிடிக்கிற ஆள், முனைவர் கினைவர் ஒன்றுமில்லை. குளிர்ந்த தயிர் சூப்பைக் கலக்கிக்கொண்டே அவன் மெல்லச் சொன்னான்.

"மேடம், கூட்டத்துல எழுந்து நின்னீங்களே, எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. எனக்கு அந்தத் தைரியம் வரலை."

"உங்களுக்கா? நீங்க எதுக்கு எழுந்திரிக்கணும்?"

"அந்த ஓட்டைதான். நானும் அளந்தேன். இருபத்தொண்ணு மில்லிமீட்டருக்கு மேல வந்துச்சு."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "எப்போ?"

"மார்ச்ல. எங்க தலைவர்கிட்ட சொன்னேன், அவர் எல்லாத் தலைவருக்கும் மெயில் போட்டார். ஏப்ரல்ல ஆறு பேரும் பேசி, 'பொறிச்ச அளவையே வெச்சுக்கலாம், இதை வெளியே விட வேணாம்'னு முடிவு பண்ணாங்க. உங்க டாக்டரும் அதுல இருந்தாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

ஏப்ரல். பெட்டி ப்ளோவ்திவுக்கு வந்தது ஜூனில்.

அவள் எழுந்தாள். மேசையின் கோடியில் லியூபென் ராக்கியாச் சாராயக் கிண்ணத்தைத் தூக்கி யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"உனக்கு ஏப்ரல்லயே தெரியுமா?"

அவன் தெல்மோ பக்கம் பார்த்தான், கிண்ணத்தை வைத்தான். பந்தலைத் தாண்டிச் சுவரோரம் அவளை அழைத்துப் போனான்.

"தெரியும்."

"அப்போ அந்த மூணு நாள்? தலையில கை வெச்சுக்கிட்டியே, பிசாசுன்னியே, விளக்குப் பிடிச்சியே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"என்னை அளக்க விட்டிருக்கவே வேண்டாமே! பெட்டியை என்கிட்ட தராமலே இருந்திருக்கலாமே!"

"தரலைன்னா உனக்குச் சந்தேகம் வரும். தந்தா எப்படியும் ஓட்டையை அளப்பே, எனக்குத் தெரியாதா? அளந்ததும் கையோட அஞ்சு ஊருக்கும் எழுதிடுவே. அதான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்."

"காவலுக்கா?"

பாவி! அவள் கொடுத்த பனித்ஸாவையும் தின்றுகொண்டல்லவா காவல் காத்திருக்கிறான்! கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். கை எழவில்லை. அங்கிருந்து இறங்கி ஆய்வகம்வரை நடந்தே போனாள். கல் பாவிய சரிவில் புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது, அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

போனதும் ஒரு மெயில் எழுதினாள். தகட்டின் நுண்ணோக்கிப் படம், பதினாறு புள்ளி நான்கு, தன் பெயர். ஆறு ஆய்வகத்துக்கும் அனுப்பினாள். பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் முன்பே தெரிந்த செய்தி அது.

பிறகு லியூபெனின் அறைக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்தாள். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள் மிச்சம் இருந்தன. அவன் கூட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது அவள் நின்றபடியே ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் தடுக்கவில்லை. கடைசித் தாள்வரை பார்த்துக்கொண்டு கதவருகிலேயே நின்றான்.

"அக்கா, நாளைக்கு வருவேல்ல?"

"வருவேன். வேலை கிடக்கே" என்று கைப்பையை எடுத்துக்கொண்டாள். "ஆனா இனிமே என் பக்கத்துல வந்து உட்காராதே."