பெரட்டு ரும்பா

வேலப்பன் தேயிலை ஆலையில் இலை உலர்த்தும் மாடியைப் பார்த்துக்கொண்டவர். சனிக்கிழமை ஆனால் துரைமார் கிளப்பில் தன் குழுவோடு ரும்பா வாசிப்பார், கையில் அக்கார்டியன். ஆடியவர்களுக்கு அதெல்லாம் கியூபாக்காரன் மெட்டு என்று நினைப்பு. பாதிக்கு மேல் அவரே கட்டியவை. மனிதர் வாய் திறந்து சொன்னால்தானே.

1952இல் கோலாலம்பூர் இசைத்தட்டுக்காரர் நாகரத்தினம் அவற்றைப் பதிய ஒப்புக்கொண்டார். மூன்று தட்டு, ஆறு மெட்டு, ஒரே ஆல்பம். ஆனால் அவசரகாலம்; காட்டில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். அடிவாரத் தாப்பாவிலிருந்து ராணுவக் காவலோடு வரும் லாரிகளோடுதான் அவர் மலையேற முடியும். மூன்று மணிக்கு அவற்றோடே இறங்கிவிட வேண்டும். இன்னொரு தடவை உயிரைப் பணயம் வைத்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறன்று, எந்திரம் ஓடாத ஆலையின் மாடியில் கூடினார்கள். விருந்தாளிகள் இருவர்: ஈப்போவிலிருந்து டிரம்பெட்டோடு வந்த பிலிப்பினோக்காரர் ரமோன், கடைசி மெட்டுக்கு மட்டும் தப்படிக்க முனியாண்டி. ஐந்து மெட்டு பிசகில்லாமல் முடிந்தது. மணி இரண்டரை. தட்டில் ஒரே பக்கம் மிச்சம்.

ஆறாவது மெட்டின் தாளம் காலைப் பெரட்டுத் தாளம். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட அழைக்கும் அடி. ஒத்திகையெல்லாம் பிஸ்கட் டின்னில் நடந்ததால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சத்தம் சரிபார்க்க முனியாண்டி நிஜத் தப்பை ஐந்து நிமிடம் அடித்ததும் கீழே ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் குலை நடுங்கியது. அந்த நாளில் நேரங்கெட்ட பெரட்டு என்றால் சோதனை. வராதவன் காட்டுக்காரனுக்கு அரிசி கொடுத்தவன் என்று கணக்கு. பாதிச் சோற்றில் எழுந்து ஓடிவந்து ஆலை வாசலில் நின்றார்கள். வரிசையைக் கண்டால் கங்காணி தங்கையாவுக்குக் கை சும்மா இருக்காது. மேலே பதிவு தொடங்கிய நேரம், கீழே பேரேட்டை விரித்துவிட்டார்.

"மணியம்மா."

"இருக்கேன்."

ஜன்னல் வழியே அது தெளிவாக உள்ளே விழுந்தது. நிறுத்தினால் மெட்டு போச்சு. வேலப்பன் கண்ணை மூடி, அக்கார்டியனைத் தணித்து, ஒவ்வொரு பேருக்கும் இடம் விட்டு வாசித்தார். ரமோன் புரிந்துகொண்டு ஒவ்வொரு 'இருக்கேன்' விழுந்த பின்னும் டிரம்பெட்டில் பதில் சொன்னார். அப்படி ஒரு காது, அப்படி ஒரு துணிச்சல், எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"வெளிச்சத்தம் விழுந்துருச்சு லா. அஞ்சோட நிறுத்திக்கலாம்," என்றார் நாகரத்தினம்.

"வாசிச்சவங்க பேரை அட்டையில போடுவீங்கதானே சார்?" என்றார் வேலப்பன்.

"போடுவோம்."

"அப்ப இவங்களையும் போடுங்க." பதிவில் விழுந்த பதினோரு பேரையும் வரிசை மாறாமல் சொன்னார்.

ஆல்பம் வந்தபோது, விருந்தினர் பட்டியலில் ரமோன், முனியாண்டிக்குக் கீழே பதினோரு பேரும் இருந்தார்கள். பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஹாஜா மைதீன் கடை கிராமபோனில் ஆறாவது மெட்டு ஓடியது. தட்டுக்குள்ளிருந்து தங்கையா கூப்பிட்டார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மணியம்மா விருட்டென்று எழுந்து நின்று, தட்டு பதில் சொல்லும் முன் தானே சொன்னார்: "இருக்கேன்."