பொய் விலா

ஈரத்தோல் காயும்போது மெல்ல முனகும். ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குள்ளேயே அந்த முனகலைக் கேட்ட சித்திரை மாதம் ஒன்று உண்டு. அது என் நயினாவின் மார்பைச் சுற்றியிருந்த தோலிலிருந்து வந்தது.

தோல் பதனிடும் 'தோல்ஷாப்'பில் சுண்ணாம்புத் தொட்டியின் விளிம்பில் வழுக்கி விழுந்து, வலப்பக்கத்துக் கீழ்விலா முறிந்து அவர் வந்திருந்தார். கை முறிந்தவர்களுக்குப் பச்சை ஆட்டுத்தோலை ஈரமாகச் சுற்றிக் காயவிடுவது எங்கள் தெருவின் வழக்கம். காயக் காயத் தோல் இறுகி எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும். அந்தத் தோல்கட்டைத்தான் தோல்ஷாப் மேஸ்திரி அன்று மார்புக்கும் போட்டார். அம்மா தயங்கினாள்.

"இன்னாம்மா, தோல்ஷாப்புக்காரன் பொண்டாட்டி தோலப் பாத்து பயப்பட்றே? இறுக்கினாத்தான் கூடும்" என்றார் மேஸ்திரி.

மறுநாள் வெயில் ஏற ஏற நயினாவின் உதடு கறுத்தது. "மூச்சு கம்மியா வருது" என்றார். அம்மா கத்தியை எடுத்து அறுக்கப் பார்த்தாள். மரமாய்ப் போயிருந்த தோலில் கத்தி வழுக்கியது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். காய்ந்த தோல் ஊறினால்தான் இளகும், ஊறுவதற்கோ நேரம் வேண்டும். "ஊறித் தொலையேன்" என்று அவள் தோலைத் திட்டிக்கொண்டே ஊற்ற, நாங்கள் அவர் வாயையே பார்த்து நின்றோம்.

ஒருவழியாக அறுத்தெடுத்து, ரயிலேற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் முறிந்த இடத்தைத் தொட்டு, "பொய் விலா. சும்மா வுட்டிருந்தா தானா கூடியிருக்கும்" என்றார். பிறகு மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சு இழுக்க முடியாமல் உள்ளே சளி கட்டிவிட்டதாம். அந்த வாரமே நயினா போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான், அந்தப் பெயரின் காரணத்தைப் பின்னாளில் தேடிப் படித்தேன். மேல்விலாக்கள் நடுநெஞ்செலும்பை நேராகப் போய்த் தொடுகின்றன. அவை மெய் விலா. கீழுள்ளவை அப்படித் தொடுவதில்லை. சில மேலுள்ளதைப் பற்றி நிற்கும், கடைசி இரண்டு சதைக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் மேனாட்டுப் பழைய வைத்தியர்கள் லத்தீனில் பொய் என்று பெயரிட்டார்கள். தமிழில் எழுதியவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். கட்டுண்டு நில்லாததாலேதான் அவை மூச்சோடு தாராளமாக விரிந்து சுருங்குகின்றன என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன்.

இப்போது எங்கள் தெருவில் தோல்கட்டு இல்லை. கை முறிந்தாலும் ஆஸ்பத்திரிதான். நிறுத்தியது மேஸ்திரிதான். கட்டச் சொல்லி வந்தவர்களிடமெல்லாம், ஆளுயரத் தோல்குவியல்களின் நடுவே உட்கார்ந்தபடி, "எங்கிட்ட தோல் இல்லப்பா" என்று சொல்லி அனுப்பினார்.