மகன் பெயருக்கு வந்த தண்டம்

பிரதேச சபையில் வருமானப் பரிசோதகராக வேலை செய்கிறேன். தண்டம் கட்டாத வீடுகளுக்குப் போவதுதான் அதில் எனக்குப் பிடிக்காத வேலை. வாசல் படலையில் என் ஸ்கூட்டி நிற்கும்போதே ஆட்களின் முகம் மாறிவிடும்.

வாவிக்கரையோரம் ஒரு வெறும் வளவில், ஆளில்லாத காணியில், பற்றைச்செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. டெங்கு பரவியிருந்த நேரம். துப்புரவு செய்யச் சொன்னோம், செய்யவில்லை. வழக்குப் போட்டுத் தண்டம் விதிக்கப்பட்டது, அதையும் கட்டவில்லை. மூன்று அறிவித்தல்களுக்கும் பதில் இல்லை. மறுபடி நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்கு முன் நேரில் சொல்லிவிட்டு வரும்படி செயலாளர் என்னை அனுப்பினார்.

பக்கத்துச் சிறு வீட்டில் ஒரு அம்மா தனியே இருந்தார். அறிவித்தலில் இருந்த பெயரைச் சொல்லி, “இவர் இருக்கிறாரா அம்மா?” என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“என்ட மகன்தான். உள்ள வந்து இரி புள்ள.”

சண்டைக் காலத்தில் வலை வாங்க வாழைச்சேனைக்குப் போன மகன், திரும்பி வரவேயில்லை. அதற்கு முன்பே வளவை அவன் பெயருக்கு எழுதியிருந்தார்கள். அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து எங்கள் அறிவித்தல்களை எடுத்துவந்து காட்டினார். மூன்றும் கசங்காமல் இருந்தன.

“இத்தனை வருசமா அவன்ட பேருக்கு ஒரு கடிதாசி வரல்ல. நீங்கதான் அனுப்பினீங்க.”

“கட்டக் காசு இல்லையா அம்மா?”

“காசு இரிக்கு. கட்டினா பிறகு அனுப்ப மாட்டீங்கதானே?”

கட்டாவிட்டால் பொலிஸ் வரும் என்று, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“பொலிசு அவனத் தேடுமா?”

அந்தக் குரலில் பயமே இல்லை. அதுதான் என்னை உடைத்தது.

“இல்லை அம்மா. உங்களைத்தான் கூப்பிடுவாங்க.”

அறிவித்தல்களை அடுக்கி மறுபடி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். மறுநாள் காலை எங்கள் சபைக் கந்தோருக்கு வந்து முழுவதையும் கட்டினார். வளவை உங்கள் பெயருக்கு மாற்றலாமே என்று தொடங்கினேன்.

“அதுக்கு அவன் செத்துப்போனான் எண்டு எழுதணும். நான் எழுத மாட்டன்.”

பற்றுச்சீட்டை மகன் பெயரிலேயே எழுதிக் கொடுத்தேன். பிறகு எங்கள் ஆட்கள் போய் வளவைத் துப்புரவாக்கினார்கள். அந்த வழக்கின் கடிதக் கோவையை மூடினோம்.

அடுத்த மாரி மழை தொடங்கியபோது அந்த அம்மா மறுபடி கந்தோருக்கு வந்தார். நனைந்த குடையை மடக்கிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“இந்த வருசம் கடிதாசி ஒண்டும் வரல்லியே, புள்ள?”

“தண்டத்தைக் கட்டிட்டீங்களே அம்மா. வளவும் துப்புரவா இருக்கு. இனி வராது.”

“ஓம், ஓம். துப்புரவாத்தான் இரிக்கு,” என்றார்.

மழை விடும்வரை சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் போவதைப் பார்க்க முடியாமல், தேவையில்லாத ஒரு கோவையை விரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன்.