நஸ்லின் வெட்டும் பகல்

சிவப்புப் பேனையை எடுத்து நஸ்லின் பகலை வெட்டுகிறார். கல்முனையில் அவர் வேலை செய்யும் பாமசியில் குளிசை போட்டுக் கொடுக்கும் கடதாசி உறைகளில் 'காலை, பகல், இரவு' என்று அச்சடித்திருக்கும். வருடத்தில் ஒரு மாதம், நோன்பு மாதம், இந்த ஊரில் பகல் கிடையாது என்று அச்சகத்தாருக்கு யாரும் சொல்லவில்லை. டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்ட பிறகு, காலைக்கு மேலே விடியுமுன் சாப்பாட்டுக்கான 'ஸஹர்', இரவுக்கு மேலே 'நோன்பு திறந்து' என்று எழுதிக் கொடுப்பார்.

எழுதாவிட்டால் என்ன? பகல் குளிசையை நாங்கள் வீணாக்க மாட்டோம். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்டதும், பேரீச்சம்பழத்துக்குப் பின்னாலேயே மூன்று வேளைக் குளிசையையும் ஒன்றாக அனுப்பிவிடுவோம். சீனி வருத்தக்காரியான சாய்ந்தமருது சரீபா போன வருடம் அப்படித்தான் அனுப்பினார். கஞ்சிக் கோப்பைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தார்.

அன்றைக்குத்தான் நஸ்லின் டொக்டருக்கு முதன்முதலாகப் போன் எடுத்தார். எழுதியதைக் கொடுப்பதுதான் பாமசியின் வேலை, எழுதியவரைக் கேள்வி கேட்பதல்ல. டொக்டரும் அதையே சொன்னார்.

"நீங்க எழுதினதுல பிழையில்ல டொக்டர்," என்றார் நஸ்லின். "நோன்பு எண்டு உங்களுக்கிட்ட சொல்லமாட்டாங்க. புடிக்க வேணாம் எண்டுருவீங்க எண்டு பயம்."

இப்போது அந்த டொக்டர் எழுதும் முன் தானே கேட்கிறார். எதிர்ப் பாமசியும் கேட்கிறது. தொழில் இரகசியம் திருடியதற்கு நன்மை எழுதப்படுமென்றால் அவர்களுக்கும் எழுதப்படட்டும். கந்தசஷ்டிக்கு முதல் நாள் பிரஷர் குளிசை வாங்க வந்த காரைதீவுக் கந்தப்போடியாரையும் நஸ்லின் விடவில்லை. ஆறு நாளும் பாலும் பழமும்தான் என்றும், டொக்டரிடம் சொல்லிவிட வேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். உடனே சொல்லப்பட்டது.

பெருநாள் தொழுகையில் தோளோடு தோள் நிற்பவர்களில் எத்தனை பேரை அந்தப் பேனை நிற்க வைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நன்றி சொல்வதை ஆள் மௌத்தாகும் வரை ஒத்திப்போடுவது எங்கள் ஊர் வழக்கம். நஸ்லின் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே நான் அதை மீறுகிறேன்.

இந்த வருடம் டொக்டர் சரீபாவின் குளிசையைக் குறைத்து, நடுக்கம் வந்தால் அந்த நிமிடமே நோன்பை விட வேண்டும் என்ற கட்டளையோடு அனுப்பினார். சரீபா "ஓம், ஓம்" என்றார். அந்த ஓமை நஸ்லின் நம்பவில்லை.

"நடுங்கினா ஒடன எதையாவது குடிச்சிரணும் சாச்சி. அல்லாஹ் ஏசமாட்டான்."

"அல்லாஹ் ஏசமாட்டான் மகள். ஊர் ஏசும்."

பன்னிரண்டாம் நோன்பு, அஸர் தொழுகை முடிந்த நேரம். பாமசி முன்னால் பத்துப் பேர். சரீபா வந்து கண்ணாடி அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்காடு வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. மஃரிபுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. நஸ்லின் அவரை மருந்து வைக்கும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, குளுக்கோஸ் கரைத்துக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினார். சரீபா கோப்பையைப் பார்த்தார். வறண்ட உதட்டோடு எதிரே நின்ற நஸ்லினைப் பார்த்தார். குடிக்கவில்லை.

நஸ்லின் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். ஒழுங்காகவே இருந்த மருந்துப் பெட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாக மறுபடி அடுக்கத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் முதல் மிடறு கேட்ட பிறகும் திரும்பவில்லை.