காய்ந்தால் தெரியும் தேதி

“கடவுள் எழுதுறாரு, நான் வெட்டுறேன். ரெண்டு பேருமே இதுவரைக்கும் ஒரு எழுத்தைக்கூட அழிச்சதில்ல. என் வீட்டுக்கே நாள் குறிச்சு வந்தாலும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன்!”

கல்லறைக் கற்களில் பெயர் வெட்டும் மேஸ்திரி, அடுத்த தெருப் போதகரிடம் இப்படி முழங்கினார்.

போதகர் அங்கியில் படிந்த கல்தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “முன்குறித்தல்னா, கடைசியில யாரு மீட்கப்படுவாங்கங்கிறது, மேஸ்திரி. உங்க டீ ஆறிப்போனதுக்கெல்லாம் அது பொறுப்பில்ல.”

“டீயும் சேர்த்திதான்,” என்று மேஸ்திரி ஆறிய டீயைப் பக்தியோடு குடித்து முடித்தார்.

முப்பது வருடம் இதே வைராக்கியம். மழைக்குக் குடை எடுக்க மாட்டார். நனைந்து வந்தால் மனைவி தலை துவட்டி விடுவாள். அதுவும் எழுதி வைத்ததுதான் என்று பெருந்தன்மையோடு தலையைக் குனிந்து கொடுப்பார்.

பட்டறையின் பின்சுவரில் அவர்களுடைய சொந்தக் கல் சாய்ந்து நின்றது. மீந்த கருங்கல் வீணாவானேன் என்று இருவர் பெயரையும் பிறந்த நாளையும் அவரே வெட்டி வைத்திருந்தார். இறந்த நாளுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மனைவியின் பெயருக்குக் கீழே அந்த வெற்றிடத்தில் சாக்பீஸால் ஒரு தேதி இருந்தது. அன்றைய தேதி. உளி வைக்குமுன் அவர் வரைந்துகொள்ளும் அதே சாய்ந்த எழுத்து. பட்டறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. அவர் எழுதவில்லை.

ஈரத்துணியால் துடைத்தார், மறைந்தது. கல் காயக் காய, தேதி மெல்லத் திரும்பி வந்தது. சரியாகத் துடைக்காத சாக்பீஸ் ஈரத்தில் ஒளிந்து காய்ந்தால் தலைகாட்டும், இது அவருக்குத் தெரியாததா? ஆனால் மூன்றாம் முறை அது முன்னைவிட அழுத்தமாக வந்தது.

“ஏங்க, தங்கச்சி வீட்டுக்குக் கிளம்புறேன். பத்தரை பஸ்!” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது.

“இன்னிக்கு வேணாம்.”

“ஏனாம்?”

“சும்மாதான்.”

“நாள் வந்தா படுக்கையிலயும் வரும்னு ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்றீங்க. எனக்கு மட்டும் பஸ் ஆகாதாக்கும்! ஆமா, என் செருப்புல ஒத்தையக் காணோமே, பாத்தீங்களா?”

அந்த ஒற்றைச் செருப்பு, மேஸ்திரி உட்கார்ந்திருந்த உளிப்பெட்டிக்குள் இருந்தது. காலடியில் வாளி நிறையத் தண்ணீர்.

தெருமுனையில் பத்தரை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கல்லின் ஓரம் காய்ந்து வெளிறத் தொடங்கியிருந்தது.

அவர் இன்னொரு குவளை மொண்டு ஊற்றினார்.