கும்பியில் கிடந்த திருக்கைப் பல்

மண்ணில் பல் பொறுக்குகிற வேலை என்று சொன்னால் சண்டை நடந்து முடிந்த எங்கள் பக்கத்தில் யாரும் சிரிப்பதில்லை. முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "எந்த இடத்து மண்?" என்று கேட்பார்கள். அதனால் மீன்பல் என்று முதலிலேயே சொல்லிவிடப் பழகிக்கொண்டேன். மீன் என்று கேட்டதும் ஆட்களின் தோள் கொஞ்சம் இறங்கும். பிறகுதான் சிரிப்பார்கள்.

வேலை தந்தவர் கம்பஸில் படிப்பிக்கிற ஒரு மிஸ். எங்கள் நிலத்துக்கு அடியில் கிடக்கிற சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததாம். அந்தக் கடலில் திரிந்த சுறாக்களும் திருக்கைகளும் உதிர்த்த பற்கள் இன்னும் கல்லுக்குள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, எந்த இனத்தின் பல் என்று வகைப்படுத்த வேண்டும். அதற்காக முள்ளியவளையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கே தங்கி வேலை செய்ய ஓர் ஆளைத் தேடினார். நான் பல வருடங்கள் தராசில் நிறுக்கிற வேலைக்கு நின்ற கடையை அப்போதுதான் மூடியிருந்தார்கள். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா என்னைப் பற்றி அவரிடம் சொன்னார்.

"ஒரு ஆள் இருக்கு மிஸ். சாதாரண தரப் பரீட்சையோட படிப்பை விட்டவர். ஆனா கையும் நடுங்காது, வாயும் அசையாது."

"எனக்குக் கை நடுங்காட்டிப் போதும்" என்றாராம் மிஸ்.

கிணறு வெட்டுகிற இடங்களில் மிஸ் சொல்லி வைத்திருப்பார். ஆழத்திலிருந்து வருகிற கல்லும் களிமண்ணும் உரப்பைகளில் வந்து இறங்கும். கட்டிகளை வாளிகளில் போட்டு, வினாகிரிக்குப் புளிப்பைக் கொடுக்கிற அதே அமிலத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவேன். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். வீடு முழுக்க அச்சாறு மணக்கும். கரையாமல் மிஞ்சுவதைக் கழுவி அரிப்பேன். பெரிய கண் அரிதட்டில் தங்குகிறதை வெறுங்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டின் பின்னால் கும்பியாகக் கொட்டிவிடுவேன். எங்களுக்குத் தேவை அந்தக் கண்களுக்குள்ளால் விழுகிற பொடிதான். அதைக் காயவைத்துக் கறுப்புத் தட்டில் மெல்லியதாகத் தூவி, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்துப் பார்ப்பேன். பல் கண்டால் ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டெடுத்து, சிறு குழிகள் உள்ள அட்டையில் விடுவேன்.

தொடக்கத்தில் எனக்கு எல்லாமே மணலாகத்தான் தெரிந்தது. பொடிக்குள் எது மினுங்கினாலும் எடுத்தேன். மிஸ் வந்து பார்த்துவிட்டு முக்கால்வாசியைத் திருப்பிக் கொட்டினார். மெல்ல மெல்லக் கண் பிடிபட்டது. சுறாப் பல்லுக்கு நடுவில் ஒரு கூர், சிலவற்றில் இரு பக்கமும் இரண்டு குட்டிக் கூர், கீழே காலை அகட்டி நிற்பதுபோல வேர். திருக்கைப் பல் குரக்கன் தானிய மணி அளவில் இருக்கும். மேற்பக்கம் தட்டை, அடியில் நடுவால் ஒரு வாய்க்கால் ஓடும். சுறாத் தோலைத் தடவும்போது கையில் சுரண்டுகிற செதில்களும் கிடைக்கும். அவை காம்பின் மேல் வைத்த கரண்டி மாதிரி, முதுகில் மெல்லிய வரிகளோடு இருக்கும். எது என்று தெரியாமல் நான் முழிக்கிறபோதெல்லாம் மிஸ் ஒன்றைத்தான் சொல்லுவார்: "பிரட்டிப் பாருங்கோ. மேல்பக்கம் தேஞ்சு போயிருக்கும். வேரைப் பாத்துத்தான் முடிவெடுக்க வேணும்."

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருக்கிற ஆளின் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் பார்க்கவும் அங்கே யாரும் இல்லை. மிஸ் மாதத்தில் ஒருமுறை வருவார், அட்டைகளைப் பார்ப்பார், சிலவற்றைக் குழி மாற்றி வைப்பார், வெயில் ஏறமுன் போய்விடுவார். சில நாள்களில் பின்னேரம் குசினியில் அரிசி கழுவும்போது, அன்று முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். குரல் இருக்கிறதா என்று தொண்டையைச் செருமிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து அக்கா போன் எடுப்பா.

"இன்னும் மீன்ர பல்லோ தம்பி?"

"ஓம் அக்கா."

"மீனுக்குப் பல்லு விளக்கி முடிஞ்சா ஒரு கலியாணத்தைக் கட்டு."

அக்கா போனை வைத்தபிறகு வீடு முன்பைவிடப் பெரிதாகிவிடும்.

மாரி மழை முடிந்த கையோடு ஒருநாள் காலை, வாசல் படலையில் ஒரு வயதானவர் வந்து நின்றார். கையில் குடையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தார்.

"தம்பி, இஞ்சதானோ மண்ணில பல்லு எடுக்கிறது?"

"மீன்பல்லு ஐயா" என்றேன்.

அவருடைய தோள் இறங்கவில்லை. "உடையார்கட்டு மண்ணும் வந்ததோ? கச்சான் கடலைத் தோட்டத்தில வெட்டின புதுக் கிணத்து மண்?"

வந்தது என்றேன். உள்ளே வந்து கதிரையின் விளிம்பில் இருந்தார். அந்தத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறாராம். சண்டையின் கடைசிக் காலத்தில் அவருடைய மனைவி செல் விழுந்து செத்துப்போனா. அந்தப் பக்கத்தில் ஒரு பாலை மரத்தடியில் அவரே கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டு, சனத்தோடு சனமாக நடந்தார். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது மரம் இல்லை. காணியை மெசின் போட்டு மட்டப்படுத்தியிருந்தார்கள்.

"பாலை எதில நிண்டது எண்டு இப்ப என்னால சொல்லேலாது தம்பி. ஒருநாள் இதில எண்டு படும், அடுத்த நாள் அதில எண்டு படும். இப்ப அந்த நடுவில கிணத்தை வெட்டிப் போட்டாங்கள். நான் அந்தத் தண்ணி ஒரு வாய் குடிக்கேல்லை. வீட்டில இருந்து கொண்டு போறன். முதலாளி கேக்கிறார், என்ர கிணறு உப்போ எண்டு."

கொஞ்ச நேரம் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அவாக்குக் கடவாய்ப் பல்லு ஒண்டு ஆசுப்பத்திரியில ஓட்டை அடைச்சது. நான்தான் சைக்கிளில ஏத்திக்கொண்டு போனனான். போகேக்க பல்லு நோகுது எண்டு பேச்சு. வரேக்க வாய் விறைச்சுப் போச்சு எண்டு பேச்சு. விறைச்ச வாயால எப்பிடி அவ்வளவு பேசினவா எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

அவர் எதற்கு வந்தார் என்பது விளங்கிவிட்டது. அந்தப் பல் வந்திருந்தால் அவருக்கு ஓர் இடம் கிடைக்கும். ஒரு விளக்காவது வைக்கலாம்.

பைகளில் வந்தது ஆழத்துக் கல் என்பதைச் சொன்னேன். மனிதர் வருவதற்கு எவ்வளவோ முந்தியது, மேல்மண் அதில் சேராது என்றேன்.

"வெட்டின பெடியளும் சொன்னவங்கள். ஆனா வாளி மேல வரேக்க கிணத்துப் பக்கம் சரியும்தானே?"

சரியும். அந்தப் பைகளில் வேர்த்துண்டும் சிவந்த மண்ணும் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அட்டையை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து அவரைப் பார்க்கச் சொன்னேன். "என்ர இமைமயிர்தான் தெரியுது" என்றார். தலையைக் கொஞ்சம் பின்னே எடுக்கச் சொன்னேன். பிறகு வெகுநேரம் பார்த்தார். இது சுறா, இது திருக்கை, இது செதில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவ்வளவு வசனத்தை ஒரே நேரத்தில் நான் பேசி எத்தனையோ காலம்.

"இவ்வளவு சின்னப் பல்லால என்னத்தைக் கடிச்சுதுகள்?" என்றார். பிறகு தலையை நிமிர்த்தினார். "உங்கட அரிதட்டுக்குள்ளால மனிசற்ர பல்லு விழுமோ?"

"விழாது ஐயா. கண் சின்னன்."

"அப்ப விழாதது எங்க?"

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கும்பி மதில் ஓரமாக நீளத்துக்குக் கிடந்தது. மாரி மழைக்கு அதன் மேல் புல் முளைத்திருந்தது. நான் கொட்டும்போது கட்டியாக இருந்த களியெல்லாம் மழையில் ஊறி உடைந்து கிடந்தது. உடையார்கட்டு மண் எந்தப் பக்கம் என்று காட்டினேன். குடையைச் சுவரில் சாத்திவிட்டுக் குந்தினார். நானும் எதிரே குந்தினேன்.

கல், சிப்பி, வேர், பிறகும் கல். ஒரு பிடி மண்ணை அவர் விரலால் பரப்பி, பார்த்து, பின்னால் தள்ளுவார். நான் தள்ளியதையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். "குறை நினையாதேங்கோ தம்பி" என்பார்.

வெயில் முதுகில் ஏறியபோது அவருடைய கை நின்றது. உள்ளங்கையில் மண்ணிறத்தில் ஏதோ ஒன்று இருந்தது. ஒரு கடவாய்ப் பல்லின் பருமன். மேற்பக்கம் தேய்ந்து மினுங்கியது. ஒரு பக்கம் உடைந்திருந்தது. அடியில் களி இறுகிப் பிடித்திருந்தது.

"இது பல்லுத்தானே?"

"பல்லுத்தான்" என்றேன்.

அவர் அதைத் தரவில்லை. விரல்களை மடக்கவும் இல்லை. நான் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். பிறகு மெல்லச் சரித்து என் கையில் விட்டார்.

குழாயடியில் பழைய பல் பிறஸ்ஸால் தேய்த்தேன். களி போகவில்லை. உள்ளே கொண்டுபோய் நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். மேற்பக்கத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, அவ்வளவு தேய்ந்திருந்தது. பிரட்டினேன். ஊசியால் களியைக் கிளப்பப் போனேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, திரும்ப எடுத்தேன். மற்ற நாள்களில் நான் பிழையாக வைத்தால் மிஸ் வந்து குழி மாற்றி வைப்பார். இன்றைக்குப் பின்னால் நிற்கிறவர் என் வாயிலிருந்து வருவதைக் கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறார்.

களி ஒரு துண்டாகக் கழன்றது. அடியில் ஒரு வரி. பக்கத்தில் பள்ளம். திரும்ப வரி, திரும்பப் பள்ளம். சீப்பின் பற்களைப் போல விளிம்பிலிருந்து விளிம்புவரை. பொடிக்குள் இதே மாதிரி உடைந்த துணுக்குகளை நான் கண்டிருக்கிறேன். கடலடியில் சிப்பியை அரைத்துத் தின்கிற பெரிய இனத் திருக்கையின் பல் அது. ஆனாலும் தொடங்கின இடத்திலிருந்து இன்னொருமுறை பார்த்தேன்.

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ தம்பி."

"திருக்கை ஐயா."

"சரியாத் தெரியுமோ?"

எழும்பி அவரை இருத்தினேன். "அடியில சீப்பு மாதிரிக் கிடக்குதோ?"

"கிடக்கு."

"மனிசருக்கு அப்பிடி இல்லை. மனிசற்ர வேர் கால் மாதிரிக் கீழ இறங்கும்."

கண்ணை எடுக்காமல் இருந்தார். "திருக்கையோ" என்றார். பிறகு, "அவாக்குத் திருக்கைக் குழம்பெண்டாச் சட்டியில மிஞ்சாது" என்றார். சத்தம் வராமல் சிரித்தார். அது ஆறுதலா, இன்னொருமுறை இழந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற ஆளும் நான் இல்லை.

மிச்சக் கும்பியையும் வெளிச்சம் இருக்கும்வரை பார்த்தோம். வேறெதுவும் வரவில்லை. பஸ்ஸுக்கு அவரோடு நடந்து போனேன்.

"அப்ப கிணறு அவாவில படேல்லை" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

ஓம் என்று சொல்லத்தான் ஆசை. "இந்தக் கும்பியில அவா இல்லை ஐயா. அதுக்கு மேல என்னால சொல்லேலாது."

தலையை ஆட்டினார். "கிணறு வெட்டின மேல்மண் முழுக்க வேலியோரம் வரம்பாப் போட்டுக் கிடக்கு" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அடுத்த முறை வந்த மிஸ், பல்லைக் கண்டு சந்தோசப்பட்டார். யார் எடுத்தது என்று கேட்டார். ஓர் ஐயா என்றேன். பெயர் என்னவென்று கேட்டார். எனக்குத் தெரியாது; அவ்வளவு நேரம் எதிரே குந்தியிருந்தும் நான் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். இனிமேல் பெரிய அரிதட்டில் தங்குவதைக் கொட்ட வேண்டாம், ஊர் ஊராகப் பிரித்துப் பைகளில் கட்டி வையுங்கோ என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மேசன்மார் மணல் அரிக்கிற தட்டொன்றை இரவல் வாங்கிக்கொண்டு உடையார்கட்டுக்குப் பஸ் ஏறினேன். தோட்டத்தில் ஐயா கச்சானுக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னையும் தட்டையும் பார்த்தார். புல்லை உதறிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

"இவர் ஆர்?" என்றார் முதலாளி.

"மீன்பல்லுக்காரர்" என்றார் ஐயா.

"வரம்புக்குள்ள என்ன மீனோ?" என்றார் முதலாளி. பிறகு ஐயாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஏதும் வந்தாத் தொடாமல் எனக்குச் சொல்லுங்கோ. கிராம விதானைக்கு அறிவிக்க வேணும்."

ஐயா மண்வெட்டியால் வெட்டிப் போட, நான் அரித்தேன். மண்ணைத் திரும்ப வரம்பாகவே கட்டிவிட்டோம். தாகம் எடுத்தபோது அவருடைய போத்தலில் இரண்டு பேரும் குடித்தோம்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இல்லை.

"எங்கையடா திரியிறாய்? போனையும் எடுக்கிறாய் இல்லை" என்று அக்கா ஒரு வேலைநாளில் போனில் பிடித்துவிட்டா.

"ஒரு ஐயாவோட மண் அரிக்கப் போறன்."

"அங்கையும் மீன்பல்லோ?"

இல்லை என்றேன்.

வரம்பில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இதுவரை வேரும் ஓட்டுத்துண்டும் ஒரு போத்தல் மூடியும்தான். முடிந்தபிறகு என்ன செய்வது என்று ஐயாவும் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. போன ஞாயிறு அவர் ஒவ்வொரு முறையும் மண்வெட்டியில் பாதிதான் அள்ளிப் போட்டார். நானும் அதை அவசரமில்லாமல் இரண்டுமுறை அரித்தேன்.